ஏழு சனிக்கிழமைகளின் விலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கால்பந்துப் பருவம் முடிந்து, மைதானத்துப் புல் பழுத்துப் பனி விழத் தொடங்கும் நாட்களில், லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தங்கள் அபிமான சர்வகலாசாலையின் விளையாட்டு இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வது வழக்கம். சென்ற பருவத்தில் தாங்கள் காட்டிய ஆதரவுக்கு வந்தனம் கூறித் தொடங்கி, அதே இருக்கைகளைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விருப்பமானால் இன்ன தேதிக்குள் இன்ன தொகையைச் செலுத்தவேண்டும் என்று முடிகிற அந்தக் கடிதத்தில், முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் நடுவே, வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்பதுபோல், கட்டணம் உயர்ந்திருக்கிறது என்ற சமாசாரமும் இருக்கும். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்ற விசாரம் அன்றிரவே அந்த வீட்டில் ஆரம்பமாகிவிடுகிறது.

இங்கே கால்பந்து என்பது காலால் உதைத்து விளையாடும் ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த இரண்டு அணிகள் அங்குலம் அங்குலமாக நிலத்துக்குப் போராடும் ஆட்டம். 1869-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடியதே இதன் தொடக்கம் என்பார்கள். அன்று ஒரு வயல்வெளியும் ஒரு சிறு கூட்டமும் போதுமானதாயிருந்தது. இன்று மிச்சிகன் சர்வகலாசாலையின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரவாசிகள் எல்லோரையும் ஒரு கணக்குக்காக அழைத்து உட்காரவைத்தால் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்துவிடும். டென்னசியின் நெய்லண்ட் ஸ்டேடியமும் லட்சத்தைத் தாண்டியதுதான். அங்கே ரசிகர்கள் ஆற்று வழியாகப் படகிலேயே வந்து இறங்குகிற சம்பிரதாயம் 1962 முதல் நடந்துவருகிறது.

சீசன் டிக்கெட் என்பது ஒரு பருவத்தில் தன் ஊரில் நடக்கும் ஆட்டங்கள் அனைத்துக்குமான அனுமதி. ஒழுங்குமுறைப் பருவத்தில் ஓர் அணி ஆடுவது 12 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலும் ஏழு சொந்த மைதானத்தில் நடைபெறும். ஆகவே விஷயத்தை மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஏழு சனிக்கிழமைகளுக்கு என்ன விலை என்பதே கேள்வி. ஆனால் டிக்கெட்டின் முகத்தில் அச்சிட்ட விலை ஒன்று. அந்த டிக்கெட்டை வாங்கும் பாத்தியதைக்காக வருஷந்தோறும் விளையாட்டு நிதிக்குச் செலுத்தவேண்டிய நன்கொடை இன்னொன்று. நடுக்கோட்டுக்கு நேராக உள்ள நல்ல இருக்கைகளுக்கு இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரிதாக இருப்பது அபூர்வமல்ல. எத்தனை வருஷமாகக் கொடுக்கிறீர்கள், மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கெல்லாம் புள்ளிகள் உண்டு. இருக்கை எங்கே என்பதையும், வண்டி நிறுத்த இடம் எங்கே என்பதையும் அந்தப் புள்ளிகளே தீர்மானிக்கின்றன. நம் கோயில் உற்சவங்களில் மண்டகப்படி உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பங்களுக்கு அந்த ஒரு நாள் எத்தகைய கௌரவமோ, அத்தகைய கௌரவம் இந்த இருக்கைகளுக்கு அங்கே இருக்கிறது. தகப்பனார் உட்கார்ந்த பெஞ்சில் மகன் உட்காருகிறான். விவாகரத்து வழக்கில் வீட்டைப் பங்கிடுவதைப்போல் இருக்கைகளைப் பங்கிடுவதும் உண்டு.

இந்த நன்கொடையின் சரித்திரம் சுவாரசியமானது. கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. பிரதிபலனைப் பெற்றுக்கொண்டு கொடுப்பது தர்மமாகாது என்பது வரிச் சட்டத்தின் பொது விதி. இருக்கை கிடைக்கிறது என்பதற்காகக் கொடுக்கிற பணத்துக்கு வரிச் சலுகை எப்படிப் பொருந்தும் என்று 1980-களின் நடுவில் அமெரிக்க வருமான வரி இலாகா கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் 1986-இல் நிறைவேறிய பெரிய வரிச் சீர்திருத்தச் சட்டத்தில், இரண்டு சர்வகலாசாலைகளுக்கு மட்டும், அவற்றின் பெயரைச் சொல்லாமல் அடையாளங்களைச் சொல்லி, விலக்கு அளிக்கப்பட்டது. டெக்ஸாஸும் லூயிசியானா ஸ்டேட்டும் பலன் பெற்றன என்பது ஊரறிந்த ரகசியம். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1988-இல் காங்கிரஸ் எல்லாக் கல்லூரிகளுக்குமாகச் சமாதானம் செய்துவைத்தது: டிக்கெட் வாங்கும் உரிமைக்காகக் கொடுத்த தொகையில் 80 சதவிகிதத்தைத் தர்மமாகக் கருதி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். முப்பது சதவிகித வரி கட்டுகிற ஒருவர் ஆயிரம் டாலர் கொடுத்தால், 240 டாலர் வரியில் குறையும். அதாவது, கால்பந்து பார்க்காதவனும், பந்தின் வடிவமே அறியாதவனும் சேர்ந்து, நடுக்கோட்டு இருக்கைக்காரரின் செலவில் ஒரு பங்கைச் சுமந்தார்கள். இந்த ஏற்பாடு ஏறக்குறைய முப்பது வருஷம் நடந்தது. 2017-இன் வரிச் சட்டம் அதை முற்றிலும் ரத்துசெய்தது. 2018 முதல் அந்த நன்கொடைக்கு ஒரு காசுகூடக் கழிவு இல்லை. பெயர் மட்டும் இன்றும் நன்கொடை என்றே வழங்கிவருகிறது. கொடுக்காவிட்டால் இருக்கை போய்விடும் என்றிருக்கும்போது அதைக் கட்டணம் என்று சொல்வதற்கு ஏன் கூச்சப்படவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த வகையில் டென்னசி சர்வகலாசாலையைப் பாராட்டவேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. 2025-ஆம் வருஷத்துப் பருவத்துக்கான புதுப்பித்தலின்போது சராசரி நாலரை சதவிகித விலை உயர்வோடு, ஆட்டக்காரர்களின் திறமைக்கான கட்டணம் என்று பகிரங்கமாகப் பெயரிட்டு மேலும் 10 சதவிகிதத்தை அது சேர்த்தது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பணம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. அது போகிற இடம் புதியது. கல்லூரி ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறக்கூடாது என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேதவாக்காக இருந்துவந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அந்த மதிலை அசைத்தது. அதே வருஷம் ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றாயிற்று. 2025 ஜூன் 6-ஆம் தேதி, ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் அளித்தபோது மதில் விழுந்தே விட்டது. முதல் வருஷத்தில் ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். முன்னாள் ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய பழைய பாக்கியாக ஏறக்குறைய 280 கோடி டாலர் பத்து வருஷங்களில் கொடுபடவேண்டும்.

ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுப்பது அநியாயம் என்று யாரும் சொல்லமுடியாது. லட்சம் பேர் டிக்கெட் வாங்குவது அவனைப் பார்க்கத்தானே. ஆனால் அந்தக் கூலிக்காகவே விலையை ஏற்றுகிறோம் என்று விளையாட்டு இலாகாக்கள் சொல்லும்போது, நம்பிக்கையோடு சிறிது சந்தேகத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. பணமில்லாதவர்கள் செய்கிற காரியங்களையா அவர்கள் செய்திருக்கிறார்கள்? 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலை தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு நீக்கியபோது, இனிமேல் வேலை செய்யாமலிருப்பதற்காக அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். ஊதியம் பெறாத ஆட்டக்காரர்களின் காலத்தில் மிஞ்சிய பணம் பயிற்சியாளர்களிடமும் கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தது. அந்தச் செலவுகளைச் சுருக்காமலேயே புதுச் செலவை ரசிகர் தலையில் வைப்பதுதான் இப்போது நடக்கிறது.

டெலிவிஷன் பணத்தையும் மறந்துவிடக்கூடாது. பிக் டென் என்ற கூட்டமைப்பு 2023-இல் தொடங்கிய ஏழு வருஷ ஒப்பந்தத்தில் 700 கோடி டாலருக்கு மேல் பெறுகிறது. தென்கிழக்குக் கூட்டமைப்பு 2024 முதல் பத்து வருஷங்களுக்கு ஏறக்குறைய 300 கோடி டாலருக்குத் தன் முக்கிய ஆட்டங்களை விற்றிருக்கிறது. 1984 வரை இப்படி விற்க முடியாதிருந்தது. எந்த ஆட்டத்தை எத்தனை தடவை காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே நிர்ணயித்தது. ஓக்லஹாமா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தைப் பறித்தது. அன்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் வைட். இளமையில் கொலராடோ கல்லூரியின் கீர்த்திபெற்ற ஆட்டக்காரராயிருந்தவர். நீதிமன்றத்தில் இந்த ஆட்டத்தைக் களத்தில் நின்று அறிந்த ஒருவர், கட்டுப்பாடு நீங்கினால் கல்லூரி விளையாட்டு வியாபாரமாகிவிடும் என்று அஞ்சினார். இன்று அவருடைய அச்சத்தைப் பரிகசிக்கத் துணிகிறவர் யாருமில்லை.

டெலிவிஷன் கொடுக்கும் பணத்துக்கு மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் வட்டி கட்டுகிறார். ஆட்டம் நண்பகலா, மாலையா, இரவா என்பது பல வாரங்களில் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பும், சில வாரங்களில் ஆறே நாட்களுக்கு முன்பும்தான் தெரியவரும். முந்நூறு மைல் வண்டி ஓட்டி வருகிறவர் விடுதி அறைக்கு என்ன செய்வார் என்று கேட்பாரில்லை. விளம்பர இடைவேளை வந்தால், சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு சிப்பந்தி களத்தில் வந்து நிற்பார். அவர் விலகும்வரை இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் லட்சம் ரசிகர்களும் செப்டம்பர் வெயிலில் காத்திருக்கவேண்டும். கடிகாரக் கணக்கில் ஒரு மணி நேரமே ஆன ஆட்டம் மூன்றரை மணி நேரம் நீளுகிறது. வீட்டிலிருப்பவனோ அந்த இடைவேளையில் எழுந்து போய்க் காப்பி கலந்துகொண்டு வருகிறான்.

ஏழு ஆட்டங்களும் பார்க்கத் தக்கவையா என்றால் அதுவும் இல்லை. அவற்றில் இரண்டு, சில இடங்களில் மூன்று, பணம் கொடுத்து வரவழைக்கப்பட்ட சிறிய கல்லூரிகளோடு ஆடுபவை. தோற்பதற்கென்றே வந்து, கூலியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். (2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறு கல்லூரி மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்தியது போன்ற விபரீதங்கள் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நடக்கும்.) இருக்கைக்காரரிடம் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். தென்கிழக்குக் கூட்டமைப்பு 2026 முதல் தனக்குள்ளேயே எட்டுக்குப் பதிலாக ஒன்பது ஆட்டங்கள் ஆடத் தீர்மானித்திருப்பது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

புதுப்பிப்பவர் உண்மையில் வாங்குவது அடுத்த வருஷத்தை. அதை எந்த ஜோசியனாலும் சொல்லமுடியாது. ஃபுளோரிடா ஸ்டேட் அணி 2023-இல் முதல் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று, கூட்டமைப்பின் பட்டத்தையும் பெற்றது. அந்தப் பூரிப்பில் புதுப்பித்தவர்கள் 2024-இல் கண்டது இரண்டே வெற்றிகள், பத்துத் தோல்விகள். அதே காலத்தில் இண்டியானா 2023-இல் மூன்று வென்று ஒன்பது தோற்றது. இனி என்ன இருக்கிறது என்று அலுத்து இருக்கையை விட்டவர்கள், 2024-இல் கர்ட் சிக்னெட்டி என்ற புதிய பயிற்சியாளரின் கீழ் அந்த அணி ஒழுங்குமுறைப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்று, தேசியப் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிகளில் ஒன்றாகத் தேர்வானதை வெளியிலிருந்து பார்த்தார்கள். சென்ற வருஷத்து வெற்றி தோல்வியை வைத்துப் புதுப்பிப்பதோ விடுவதோ பெரும்பாலும் நஷ்டத்திலேயே முடியும்.

இருக்கையை ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயமே இத்தனை காலமாகப் புதுப்பித்தலின் உயிர்நாடியாயிருந்தது. நெப்ராஸ்காவில் 1962 நவம்பர் முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட்டுகள் தீர்ந்துவிடுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அத்தகைய ஊர்களில் அந்தப் பயத்துக்கு ஆதாரமுண்டு. மற்ற இடங்களில், ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைச் சந்தைகள் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. பரம வைரியோடு நடக்கும் ஒரு பெரிய ஆட்டத்தைத் தவிர, மற்ற ஆட்டங்களுக்கு அச்சிட்ட விலைக்குக் கீழேயே இடம் கிடைப்பது சகஜம். மிச்சிகனிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2014-இல், அணி தளர்ந்து ரசிகர்கள் கசந்திருந்த சமயத்தில், இரண்டு கோக்கோ கோலா வாங்கினால் இரண்டு டிக்கெட் இனாம் என்று ஒரு விளம்பரம் செய்ய, ஊரே நகைத்தது. முழு விலை கொடுத்துப் புதுப்பித்திருந்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மாணவர்கள் அந்த வருஷம் 280 டாலர் கொடுத்த சீசன் டிக்கெட்டை, புதிதாகப் பொறுப்பேற்ற நிர்வாகி அடுத்த வருஷம் 175 டாலருக்கு இறக்கினார்.

ஆகவே என்னுடைய அபிப்பிராயம் இது. ஏழில் ஐந்துக்காவது நிச்சயமாகப் போகிறவர்களும், பக்கத்து இருக்கைக்காரர்களின் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்தவர்களும், தோற்கிற வருஷத்திலும் அந்தப் பெஞ்சை விரும்புகிறவர்களும் புதுப்பிக்கலாம். அவர்கள் வாங்குவது மறுவிற்பனைச் சந்தையில் கிடைக்காத பொருள். நன்கொடை உயர்ந்திருந்தால், சில வரிசைகள் மேலே மாறிக்கொண்டு, பாதிச் செலவில் அதே ஆட்டத்தைப் பார்க்கலாம். உயரத்திலிருந்து ஆட்டத்தின் வியூகம் நன்றாகவே தெரியும். பெரிய ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை விற்று முதலை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் புதுப்பிக்கவே கூடாது. அந்தச் சிறு ஆட்டங்களை வாங்க ஆளிராது. சேர்த்துவைத்த புள்ளிகள் வீணாகுமே என்பதற்காக மட்டும் கட்டுகிறவர்களுக்கும் அதே பதில்தான்: இதுவரை கட்டிய பணம், புதுப்பித்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது.

விடுகிறவர்கள் கெடு தேதி கடக்கட்டும் என்று மௌனமாக இருந்துவிடாமல், விலை அதிகம் என்பதால்தான் விடுகிறேன் என்று விளையாட்டு இலாகாவுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு விடுங்கள். அணி தோற்றதால் போனார்கள் என்று அவர்கள் தங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ள இடங்கொடுக்கவேண்டாம்.