நிற்கும் காரில் கரையும் இருப்பு

உல்லாஸ்நகரில் கார் வைத்திருப்போர் பலர் வேலை நாள்களில் அதைத் தொடுவதே இல்லை. மத்திய ரயில்வேயின் புறநகர் வண்டி அவர்களை மும்பைக்கு அழைத்துச் செல்கிறது. கார் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறது. மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ குடும்பத்துடன் சென்று திரும்பும் வாரங்களில் குறையொன்றும் தெரிவதில்லை. அப்பயணம் இரண்டு முறை தவறிவிட்டால், சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்னும் ஓசை மட்டுமே எழுகிறது. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் மாட்டிக் கிளப்புகிறோம். சில நாள்களில் மீண்டும் அதே கதை. பிறகு புதிய பேட்டரி வாங்குகிறோம். பல நேரங்களில் இச்செலவு தேவையற்றது.

கணக்கைப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி இருக்கும். வண்டியைப் பூட்டிய பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, எஞ்சின் கணினி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இது இயல்பானது. வாரத்திற்கு 168 மணி நேரம். ஆகவே வாரச் செலவு 8.4 ஆம்பியர்-மணி. எஞ்சினைக் கிளப்பும்போது 200 ஆம்பியர் பாய்ந்தாலும் அது மூன்று விநாடிக்கு மட்டுமே. அதற்காகும் செலவு ஏறத்தாழ 0.17 ஆம்பியர்-மணி. கிளப்புவதுதான் பேட்டரியைத் தின்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஒரு வாரம் சும்மா நிற்பதோ அதைப்போல் ஐம்பது மடங்கு தின்கிறது!

இயல்பான செலவிலேயே இரண்டு வாரத்தில் பாதி இருப்பு கரைந்துவிடும். கடைகளில் பின்னர் பொருத்தும் கேமரா, ஜிபிஎஸ் கருவி, பாட்டுப்பெட்டி ஆகியவற்றைச் சாவியின் கட்டுப்பாட்டில் இணைக்காமல் பேட்டரியுடன் நேராக இணைத்துவிடுவதுண்டு. டிக்கியின் விளக்கு அணையாமல் எரிவதும் உண்டு. இவற்றால் செலவு 300 மில்லி ஆம்பியராக உயர்ந்தால், ஞாயிறு இரவு நிறுத்திய வண்டியின் பாதி இருப்பு புதன் காலைக்குள் போய்விடும். இந்நிலையில் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை.

குற்றம் பேட்டரியிலா வண்டியிலா என்று அறிய எளிய வழி உண்டு. பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். (கழற்றும்போது நெகட்டிவ் முதலிலும், மாட்டும்போது அது கடைசியிலும் வரவேண்டும். வளையல், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. அருகில் நெருப்பு ஆகாது.) பிறகு மல்ட்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவு காட்டினால் பேட்டரி நலமாக உள்ளது. திருட்டு வண்டியில் நடக்கிறது. தனியே இருந்தும் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வராவிடில் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவிவிட்டே இவ்வளவையும் செய்ய வேண்டும்; மழைக்காலத்தில் இப்பூப்பு ஒன்றே போதும் வண்டியை நிறுத்த.

வண்டியில் எங்கே கசிகிறது என்று காண்பதை எலக்ட்ரீஷியனிடம் விடலாம். கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் பொறுத்து, நெகட்டிவ் முனைக்கும் வயருக்கும் இடையே மீட்டரை இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுப்பார். எந்த ஃபியூஸை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது எவரும் சாவியைத் திருப்பக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும்.

கசிவு ஏதுமின்றி வெறுமனே நிற்பதால் மட்டுமே இறங்குகிறது என்றால், சுவரில் செருகும் சிறு சார்ஜர் நல்ல தீர்வு. ஆனால் உல்லாஸ்நகர் இரண்டாம் உலகப்போர்க் கால இராணுவ முகாமிலிருந்து வளர்ந்த ஊர். 1949 ஆகஸ்ட் 8 அன்று இராஜாஜி அதற்கு அடிக்கல் நாட்டியபோது காருக்கு இடம் ஒதுக்கும் நினைப்பு எவருக்கும் இருந்திருக்காது. தெருவில் நிற்கும் வண்டிக்கு வீட்டு மின்சாரம் எட்டுவதில்லை. அத்தகையோர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுவதே வழி. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுவது ஒரு வாரச் செலவை ஈடுகட்டாது.

பேட்டரி மாற்றியே தீரவேண்டுமெனில், முதலில் உத்தரவாத அட்டையைத் தேடுங்கள். தொடக்கக் காலத்தில் இலவச மாற்று, அதன்பின் விகிதாசாரத் தள்ளுபடி என்பதே வழக்கம். தேதியும் கடை முத்திரையும் இல்லாவிடில் இரண்டும் கிட்டுவது கடினம். தேய்மானத்தால் செயலிழந்த பேட்டரிக்கு வாகனக் காப்பீட்டில் இழப்பீடு கிடையாது. எனினும் சாலையோர உதவி என்னும் கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தால், இறங்கிய வண்டியைக் கிளப்பித் தர ஆள் வருவார். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட வேண்டாம். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் அதன் ஈய மதிப்பை விலையில் கழித்துக்கொள்வார்கள். பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன.