மனோரமாவின் நகைச்சுவை நடிப்பில் வட்டார வழக்கு: தமிழாசிரியர் நோக்கில் ஒரு பார்வை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து எண்ணுகிறது. அதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்துக் காட்டுகிறது. யார் யாரைக் கண்டு நகைக்கின்றனர் என்னும் வினா இந்நான்கினுள்ளும் அடங்கிக் கிடக்கிறது. தமிழ்த் திரையுலகில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நகைச்சுவை நடிகையாக விளங்கிய மனோரமாவின் (1937 - 2015) வாழ்வையும் கலையையும் அவ்வினாவோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. அவர் நடிப்பின் பல கூறுகளுள் வட்டார வழக்கு ஒன்று மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு வகுப்பறை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோர் முதலில் காணும் சிற்றூர் ரிங்லெட். அதனை அடுத்துள்ள தேயிலைத் தோட்டங்களுள் போ தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில் திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டத்து மக்கள் ஒரே லயத்தில் அண்டை வீட்டாராயினர். ஆகவே தோட்டத்துத் தமிழ் பல வழக்குகளின் கலவையாயிற்று. ரிங்லெட் வட்டாரத்தில் ஒரு வகுப்பைப் பார்வையிட்டபோது, மாணவன் ஒருவன் வாசிப்புக்கிடையே 'அங்கிட்டு' என்று கூற, வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் புன்னகையோடு 'அங்கே' என்று திருத்தினார். அதன்பின் அம்மாணவன் அன்று வாய் திறக்கவில்லை. அதே சொல்லை மனோரமா திரையில் கூறியிருந்தால் அவ்வகுப்பு கைதட்டியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். தந்தை கைவிட்ட நிலையில், தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு செட்டிநாட்டுப் பகுதியிலுள்ள பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்து, வீட்டுவேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையால் மகளின் பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆயின் செவிப்பயிற்சி நிற்கவில்லை. தஞ்சைப் பகுதித் தமிழைத் தாயிடமும், செட்டிநாட்டுத் தமிழைத் தெருவிலும், செந்தமிழ் வசனத்தை நாடக மேடையிலும் கேட்டு வளர்ந்தவர் அவர். எழுத்து வழக்கை ஏட்டில் கற்கும் வாய்ப்பை இழந்த ஒரு சிறுமி, பேச்சு வழக்குகளின் நுண்ணிய வேறுபாடுகளைக் காதால் கற்றுத் தேர்ந்தாள் என்பதே அவர் வாழ்வின் தொடக்கம் நமக்கு உணர்த்தும் செய்தி.

பன்னிரண்டு வயதில் மேடையேறிய அவர் 'பள்ளத்தூர் பாப்பா' என அறியப்பட்டார். மனோரமா என்னும் பெயரும் நாடக மேடையே தந்ததாகும். பின்னர் எஸ்.எஸ். இராஜேந்திரனின் நாடகக் குழுவில் இணைந்து 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் கதைத்தலைவியாகவே நடித்தார். அண்ணாவுடனும் கலைஞருடனும் மேடையில் நடித்த அனுபவமும் அவருக்கு உண்டு. அடுக்குமொழி கோலோச்சிய அம்மேடை அவருக்கு மூச்சையும் சொற்றெளிவையும் கற்பித்தது. வட்டார வழக்கில் எத்துணை விரைந்து பேசினும் அவர் சொல் ஒன்றேனும் சிதையாமல் கடைசி வரிசைக்கும் கேட்பதற்குக் காரணம் அப்பயிற்சியே எனலாம்.

1958ஆம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவரது முதற்படம். மேடையில் தலைவியாக இருந்தவருக்குத் திரையில் கிடைத்தது நகைச்சுவைப் பாத்திரம். தயங்கியவரிடம், தலைவியரின் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும், நகைச்சுவையோ நெடுங்காலம் நிலைக்கும் என்று கவிஞர் எடுத்துரைத்ததாக மனோரமாவே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1963ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் தலைவியாகவும் நடித்தார். அத்தடம் தொடரவில்லை. அதில் இழப்பேதும் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அவருக்கு முன்னோடியாக டி.ஏ. மதுரத்தைக் குறிப்பிடாமல் இத்துறையைப் பேசுதல் பொருந்தாது. 1930களில் திரைக்கு வந்த மதுரம், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் இணையாகவே வரலாற்றில் பதிவு பெற்றார். 1944ஆம் ஆண்டு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாகி, 1947இல் விடுதலையாகும் வரை, வழக்கை மேல்முறையீடு வரை நடத்தவும் நாடகக் குழுவைக் காக்கவும் பாடுபட்டவர் அவரே. அத்தகைய ஆளுமையையும் 'ஜோடி' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிற்று திரையுலகம். மனோரமாவும் நாகேஷுக்கும் சோவுக்கும் தேங்காய் சீனிவாசனுக்கும் ஜோடியாகவே தொடங்கினார். ஆனால் ஆண் நடிகர் அருகில் இல்லாத காட்சியிலும் தாமே நகைக்கு மூலமாக நிற்கும் நிலையை அவர் எய்தினார்.

இங்கிலாந்து நகைச்சுவை நடிகை ஹாட்டி ஜாக்ஸ் (1922 - 1980) ஈண்டு ஒப்புநோக்கத் தக்கவர். மனோரமா திரைக்கு வந்த அதே 1958இல்தான் அவரும் 'கேரி ஆன்' படவரிசையில் முதன்முதலாகத் தோன்றினார். நுட்பமான குரல்வளம் கொண்ட அவரை வானொலி நன்கு பயன்படுத்திற்று. திரையோ அவரது பருத்த உடலையும், மருத்துவமனைத் தலைமைத் தாதியின் சீருடையையுமே பெரிதும் நாடிற்று. தமிழ்த் திரையும் நடிகையின் உடலை நகைப்பொருளாக்கத் தயங்கியதில்லை. 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் மனோரமாவுக்கு எடுப்பான பல் பொருத்தப்பட்டதை நினைவிற் கொள்ளலாம். எனினும் அப்பாத்திரம் நினைவில் நிற்பது பல்லாலன்று. ஊரே வணங்கும் மகனைக் கொங்குப் பேச்சின் குழைவோடு கொஞ்சியும் கடிந்தும் குழந்தைபோல் நடந்துகொள்ளும் அத்தாயின் மொழியே அதனை நிலைக்கச் செய்தது. தொல்காப்பியர் கூறும் 'இளமை' என்னும் நிலைக்களனுக்கு இதனைச் சான்றாகக் காட்டலாம்.

வழக்குகளை அவர் ஆண்ட திறத்திற்கு 1968ஆம் ஆண்டு ஒன்றே போதும். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் ஏற்ற ஜில் ஜில் ரமாமணி, நாடகக் கொட்டகை நடிகை. தம் சொந்த வாழ்க்கையையே அவர் பாத்திரமாக்கிய இடம் இது. மேடைக்காரியின் மிடுக்கும் நாட்டுப்புறப் பேச்சின் இழுவையும் மாறிமாறி வரும். நாதசுரக் கலைஞரிடம் பேசும்போது வெள்ளந்தித்தனமும் மரியாதையும் குரலில் ஒன்றுகலக்கும். பேதைமை போலத் தோன்றுவது உண்மையில் அன்பின் பெருக்கம் என்பதைச் சொல்லின் ஏற்ற இறக்கத்தாலேயே உணர்த்திவிடுகிறார். அதே ஆண்டில் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் அமைந்த பாடலொன்றைத் தாமே பாடினார். 'கீது', 'இட்டுக்கினு' என வழங்கும் அப்பேச்சு, பள்ளத்தூரில் வளர்ந்தவருக்கு முற்றிலும் வேற்றுமொழி போன்றது. கேட்போர் எவரும் அவரைச் சென்னைக்கு அயலார் எனக் கூறார்.

1986ஆம் ஆண்டு வெளிவந்த விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' வேறொரு படிநிலை. வேலைக்காரி கண்ணம்மா, குடும்பத்தின் சிக்கலைத் தீர்க்க ஒரு வாய்ச்சண்டையை நாடகமாக நடத்துகிறாள். குறுக்கிடும் குடும்பத் தலைவரை ஒரே சிறு தொடரைத் திரும்பத் திரும்பக் கூறி அடக்குகிறாள். எள்ளலுக்கு வழக்கமாக ஆளாகும் சென்னைத் தமிழ் இங்கு எள்ளும் தரப்பில் நிற்கிறது. படித்தவர் தோற்ற இடத்தில் பணிப்பெண்ணின் மொழி வெல்கிறது.

இங்கு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். தமிழ்த் திரைப்படம் சென்னைத் தமிழை ரிக்‌ஷாக்காரருக்கும் வேலைக்காரிக்கும் ஒதுக்கி, அதனை இழிவழக்காகவே நிலைநிறுத்தியது என்பர். இதில் உண்மை உண்டு. அச்சட்டகத்தை மனோரமா உடைத்தார் எனக் கூறுதல் மிகையாகும். அதற்குள் நின்றுகொண்டே பேசுபவளின் பக்கம் நகையைத் திருப்பினார் என்பதே பொருத்தம். 'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணைநடிகைக்கான தேசிய விருது பெற்றதும், 'இந்தியன்' (1996) படத்தில் அரசு அலுவலகத்தில் அலைக்கழிக்கப்படும் ஏழைப்பெண்ணாகச் சிறு நேரமே தோன்றி நெஞ்சை உலுக்கியதும், நகைக்கும் அழுகைக்கும் அவர் ஒரே பேச்சு வழக்கையே கருவியாகக் கொண்டதைக் காட்டும். ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

'ஆச்சி' என்பது செட்டிநாட்டில் நகரத்தார் குலப் பெண்மணிகளுக்கு உரிய மதிப்புச் சொல். பிறர் வீட்டு ஆச்சிமாருக்குப் பணிசெய்த தாயின் மகளைத் தமிழுலகம் முழுவதும் ஆச்சி என்றே அழைத்தது. சமூகவியலார் நெடிது ஆராயத்தக்க பெயர்மாற்றம் இது.

தோட்டத் திடலில் வெண்துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலும், பின்னர் வீடியோ நாடா வந்த காலத்திலும், நம் தோட்ட மக்கள் மனோரமாவைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கருதினர். தம் பாட்டியின் பேச்சைத் திரையில் கேட்டதே அதற்குக் காரணமாகலாம். தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்கிறது. வகுப்பறை அதனைப் பிழையென நீக்குகிறது. எழுத்து வழக்கைக் கற்பிக்கும் கடமை ஆசிரியருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. தேர்வுத்தாளில் 'அங்கே' என்றே எழுத வேண்டும். ஆயின் இரண்டாம் முறை அவ்வகுப்பிற்குச் சென்றபோது, மனோரமாவின் மூன்று காட்சிகளைக் காட்டி, எச்சொல் எந்த ஊரைச் சார்ந்தது எனக் குழுவாகப் பட்டியலிடச் செய்தோம். 'அங்கிட்டு' என்பது மதுரை, இராமநாதபுரம் பகுதிச் சொல் என்று விளக்கியபோது, முன்பு வாய்மூடியிருந்த மாணவன் கையுயர்த்தி, தன் பாட்டி 'இங்கிட்டு' என்றும் சொல்வார் என்றான். அச்சொல்லும் பட்டியலில் சேர்ந்தது.