கிரீஸ் போனேன்... பல்பு வாங்கினேன்!

'மச்சான், கிரீஸ் போறியாமே... நமக்கு என்னடா வாங்கிட்டு வருவே?'

விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஹாஸ்டல் முழுக்க நியூஸ் பரவிடுச்சு. ஹாஸ்டல், வீடு, டியூஷன் சார், எதிர் வீட்டு ஆன்ட்டின்னு லிஸ்ட் போட்டுப் பார்த்தா மொத்தம் பதினேழு பேர். கையில் இருந்தது 150 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய்னு வெச்சுக்கிட்டா பதினஞ்சாயிரம். பெரிய அமவுன்ட் மாதிரிதான் தெரியும். அங்கே போய் ஒரே ஒரு காபி குடிச்சுட்டு நூறால் பெருக்கிப் பாருங்க... வயிறு எரியும்!

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற மதுரைப் பையனுக்கு ஏதுடா கிரீஸ், ஏதுடா கப்பல்னு நீங்க கேக்கிறது காதுல விழுது. அக்காவும் மாமாவும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாங்க. அவங்க புக் பண்ணின கப்பல் டூர்ல ஒரு ஆள் கடைசி நேரத்தில் வர முடியலை. காலியான பெர்த்தில் நான் போய் விழுந்தேன். அவ்ளோதான் மேட்டர்.

லிஸ்ட்ல இருந்த பதினேழு பேர்ல அப்பத்தா மட்டும் எந்தப் பொருளும் பேர் சொல்லிக் கேக்கலை. 'அந்த ஊர்ல வெளையிறது எதுனாச்சும் இருந்தா, ஒரு துளி கொண்டாய்யா'ன்னு சொல்லுச்சு. அப்போ அது ரொம்ப ஈஸியான ஆர்டரா தெரிஞ்சுச்சு. பதினேழுலயும் கஷ்டமானது அதுதான்னு மிக்கோனோஸ்ல இறங்கின பிறகுதான் புரிஞ்சுது.

எங்க கப்பல் ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்தில் கிளம்பி மிக்கோனோஸ், பாட்மோஸ், ரோட்ஸ், கிரீட், சான்டோரினின்னு தீவு தீவா நிக்கும். ஒவ்வொரு இடத்துலயும் சில மணி நேரம்தான். 'அதான் கப்பலுக்குள்ளயே கடை இருக்குமே'ன்னு நினைக்காதீங்க. வரி விஷயம் காரணமா, துறைமுகத்தில் நிக்கும்போது கப்பல் கடைகளைப் பூட்டிடுவாங்க. 'எங்கே ஷாப்பிங் பண்ணலாம்?'னு நிறைய கப்பல்களில் ஒரு மேப் கொடுப்பாங்க. அந்த மேப்பில் இருக்கிற கடைகளில் பலதும் காசு கட்டி இடம் பிடிச்ச கடைங்க. பஸ் நிக்கிற மோட்டலை ஞாபகப்படுத்திக்குங்க, புரிஞ்சுடும்!

மிக்கோனோஸ். வெள்ளை வீடு, நீலக் கதவு, சந்து சந்தா கடை. கடைக்குக் கடை ஒரு நீலக் கண்ணாடிக் கண்ணு நம்மளையே முறைச்சுப் பார்க்குது. இதுக்குப் பேர் 'மாட்டி'. கிரேக்க மொழியில் கண்ணுன்னு அர்த்தம். நம்ம ஊர் கண் திருஷ்டியேதான். ஊரார் கண்ணு படக்கூடாதுன்னு வாசல்ல, கழுத்துல, கார்ல தொங்க விடுறாங்க. பக்கத்து நாடு துருக்கியிலும் இதே கண்ணு, பேர் மட்டும் வேற. மூணு யூரோ வீதம் அஞ்சு கண்ணு, பதினோரு ஃப்ரிட்ஜ் மேக்னட். நாற்பத்தெட்டு யூரோ காலி. பாதி லிஸ்ட்டை முதல் நாளே முடிச்ச கெத்துல கேபினுக்கு வந்து கடை பரப்பினேன். அக்கா ஒரு மேக்னட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. பின்னாடி குட்டியா ஒரு ஸ்டிக்கர்... 'மேட் இன் சைனா'!

மாட்டி வாங்கப் போய் நான் மாட்டிக்கிட்டேன் பாஸ்.

கடைக்காரரைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்திப் பாருங்க. மதுரை சுங்குடிக்கு 2005-லயே புவிசார் குறியீடு கொடுத்தாச்சு. விரல் நுனியில் துணியைக் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போட்டு, சாயம் முக்கி, அப்புறம் பிரிச்சாதான் அந்தப் புள்ளி விழும். ஆனா வெளியூர்க்காரங்க சுங்குடின்னு நம்பி வாங்கிட்டுப் போறதுல முக்கால்வாசி அச்சடிச்ச புள்ளி. நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. மிக்கோனோஸ்ல நான் அந்த வெளியூர்க்காரன்.

நம்ம புவிசார் குறியீடு மாதிரி அங்கே ஒரு சமாச்சாரம் இருக்குன்னு அன்னிக்கு ராத்திரி மாமா சொன்னார். எண்ணெய், சீஸ், பருப்பு மாதிரி பொருட்களில் சிவப்பும் மஞ்சளுமா ஒரு வட்ட முத்திரை இருக்கும். அந்தப் பொருள் அந்த மண்ணுல விளைஞ்சு, அங்கேயே தயாரானதுன்னு ஐரோப்பிய யூனியன் கொடுக்கிற கியாரன்டி அது. 'பொம்மைக் கடைக்குள்ள போகாதே மாப்ளே, மளிகைக் கடைக்குப் போ'ன்னார். மளிகைக் கடையில் போய் கிஃப்டானு நான் சிரிச்சேன்.

பாட்மோஸ் சின்னத் தீவு. பைபிளோட கடைசிப் புத்தகத்தை யோவான் இங்கே ஒரு குகையில் இருந்துதான் எழுதினார்னு நம்பிக்கை. 1088-ல ஆரம்பிச்ச மடாலயம் மலை மேல கோட்டை மாதிரி நிக்குது. இங்கே கடைகளில் சாமி படங்கள்தான் ஸ்பெஷல். அச்சடிச்ச பேப்பரை மரத்தில் ஒட்டினதும் இருக்கு. முட்டை மஞ்சள் கருவில் வண்ணம் குழைச்சுக் கையாலேயே வரைஞ்சதும் இருக்கு. தூரத்தில் இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு. கடைக்கார அம்மாகிட்ட 'கிரோபீயிட்டோ?'ன்னு கேட்டேன். கையால செஞ்சதானு அர்த்தம், அக்கா சொல்லிக் கொடுத்த வார்த்தை. அந்தம்மா முகம் மலர்ந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. கையால வரைஞ்சதில் பிரஷ் போன தடம் மேடு பள்ளமா தெரியுது. விலையைக் கேட்டுட்டு மரியாதையா கும்பிட்டுட்டு வந்துட்டேன். உங்களுக்கு வசதி இருந்தா அந்த வார்த்தையை மட்டும் மறக்காம கேட்டு வாங்குங்க.

ரோட்ஸ்ல கோட்டைக்குள்ள சாக்ரடீஸ் பேர்ல ஒரு கடைத்தெரு. அந்த மனுஷன் ஏதென்ஸ் சந்தையில் சுத்திட்டு, 'எனக்குத் தேவையில்லாதது எவ்வளவு இருக்கு'ன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. அவர் பேர் வெச்ச தெருவுலயே அத்தனை கடையும்! இங்கேதான் கடல் பஞ்சு பார்த்தேன். நிஜப் பஞ்சு பாஸ், கடலுக்கு அடியில் வளர்ற உயிரினம். கலிம்னோஸ்னு பக்கத்துத் தீவு, முத்துக்கு நம்ம தூத்துக்குடி மாதிரி, பஞ்சுக் குளியலுக்குப் பேர் போனது. 1986-ல மத்தியதரைக் கடல் பஞ்சுக்கு ஒரு நோய் வந்து, அந்தத் தொழிலே ஆடிப்போச்சு. பளிச்சுனு மஞ்சளா இருக்கிறது வெளுக்க வெச்ச பஞ்சு. பார்க்க அழகு, ஆனா சீக்கிரம் பிஞ்சிடும். அழுக்குப் பழுப்புல இருக்கிறதுதான் உழைக்கும். உள்ளங்கை சைஸ்ல அம்மாவுக்கு ஒண்ணு, எட்டு யூரோ.

எனக்கு அந்தப் பஞ்சு மேல லவ் வரக் காரணம் வேற. 1900-ல இந்தப் பக்கத்து சிமி தீவில் இருந்து பஞ்சு எடுக்கப் போனவங்கதான், ஆன்டிகிதெரா தீவுக்குப் பக்கத்துல மூழ்கிக் கிடந்த பழைய கப்பலைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள கிடைச்ச வெண்கல மெஷின்ல முப்பது பல் சக்கரம் இன்னும் மிச்சம் இருக்கு. சூரியன், சந்திரன் ஓட்டத்தையும் கிரகணத்தையும் கணக்குப் போடுற மெஷின். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கியர் டிரெய்ன்! நான் இன்னும் அந்தப் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கேன். சரி, அதை விடுங்க.

கிரீட்ல ஹெராக்லியோன் துறைமுகம். இங்கே பல்பு மாமாவுக்கு. கிரீட் கத்தி ரொம்ப ஃபேமஸ். பிளேடு மேல ரெண்டு வரிப் பாட்டு செதுக்கித் தருவாங்க, நம்ம குறள் சைஸ்ல. காதல், நட்பு, வீரம்னு எதைப் பத்தி வேணும்னாலும் கேக்கலாம். மாமா அக்காவுக்காக ஒரு காதல் பாட்டோட கத்தி வாங்கி, சீன் போட்டுக்கிட்டே கப்பல் ஏறினார். ஸ்கேனர் 'பீப்' அடிச்சுது. கத்தியைப் பறிச்சு வெச்சுக்கிட்டு கையில் ஒரு சீட்டைக் கொடுத்துட்டாங்க. கடைசி நாள் பிரேயஸ்ல இறங்கும்போதுதான் திருப்பிக் கிடைச்சுது. கரையில் வாங்குற சரக்கு பாட்டிலுக்கும் நிறைய கப்பல்களில் இதே கதிதான். அப்புறம் ஃப்ளைட்ல கத்தி, எண்ணெய் எல்லாத்தையும் செக்-இன் பெட்டியிலதான் போடணும். நூறு மில்லிக்கு மேல இருக்கிற திரவத்தைக் கைப்பையில் நிறைய ஏர்போர்ட்ல விடமாட்டாங்க.

மாமா கத்திக் கடையில் பாட்டு செலக்ட் பண்ணின நேரத்தில் நான் தனியா நடந்தேன். '1866 தெரு'ன்னு ஒரு மார்க்கெட். மூலிகைக் கட்டு, தேன், ஆலிவ், ஜாதிக்காய் வாசனைனு நம்ம கீழமாசி வீதிக்குள்ள நுழைஞ்ச ஃபீலிங். 'திக்டாமோ'ன்னு கிரீட் மலையில் மட்டும் இயற்கையா வளர்ற ஒரு மூலிகை. அம்பு பட்ட காட்டு ஆடுகள் இதைத் தேடிப் போய்த் தின்னும், அம்பு தானா விழுந்துடும்னு அரிஸ்டாட்டிலே எழுதி வெச்சிருக்கார். அதில் ரெண்டு பாக்கெட் எடுத்தேன். சிவப்பு-மஞ்சள் முத்திரை போட்ட ஆலிவ் எண்ணெய் குட்டி டின் ஒண்ணு. கண்ணாடி பாட்டிலை விட டின் நல்லது, எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது.

தெருவைத் தாண்டி உள்ளே போனா, டூரிஸ்ட் யாரும் வராத ஒரு சாதா சூப்பர் மார்க்கெட். ஸ்கூல் பையோட ஒரு பையன், ரொட்டி வாங்க வந்த தாத்தா, நான். பில் போடுற இடத்தில், நம்ம ஊர்ல மிட்டாய் ஜாடி இருக்கிற மாதிரி, குட்டிப் பாக்கெட்டில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னுச்சு. மேல அதே சிவப்பு-மஞ்சள் முத்திரை. 'மஸ்திஹா'ன்னு சொன்னாங்க.

கியோஸ் தீவோட தெற்குப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ற ஒரு மரத்தோட பிசின் அது. பிஸ்தாவுக்குச் சொந்தக்கார மரம். மரத்தடியில் வெள்ளைச் சுண்ணப் பொடியைத் தூவி வெச்சுட்டு, பட்டையைக் கீறி விடுவாங்க. பிசின் சொட்டுச் சொட்டா விழுந்து காய்ஞ்சு கெட்டியாகும். அதைப் பொறுக்கி, ஒவ்வொரு சொட்டா கையாலேயே சுத்தம் பண்ணணும். 'கியோஸ் கண்ணீர்'னே இதுக்கு ஒரு பேர். 2012-ல காட்டுத் தீயில் இந்த மரங்கள் ஏராளமா கருகிப் போச்சு. 2014-ல யுனெஸ்கோ இந்த விவசாய முறையையே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துச்சு. பாக்கெட் அஞ்சு யூரோ. அப்பத்தாவுக்கு ஒண்ணு. அதே பிசின் போட்ட சூயிங்கம் பக்கத்துலயே இருந்துச்சு. ஹாஸ்டல் மக்களுக்கு எட்டு டப்பா அள்ளினேன்.

சான்டோரினியில் கப்பல் கரைக்கே வராது. நடுக்கடலில் நிறுத்தி, படகுல கொண்டு போய் விடுவாங்க. ஊரு செங்குத்தான பாறை உச்சியில். மேலே போக கேபிள் கார், கழுதை, இல்லேன்னா ஐந்நூத்திச் சொச்சம் படி. கூட்டம் தாங்காம, ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள்தான்னு 2025-ல உச்ச வரம்பே வெச்சுட்டாங்க. எரிமலைக் கல்லை ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போலாம்னு குனிஞ்சேன், அக்கா கையில் ஒரு அடி போட்டா. கிரீஸ்ல கடற்கரைக் கூழாங்கல்லை எடுத்துட்டுப் போனாலே அபராதம். பழைய பானை ஓடு மாதிரி ஏதாவது பையில் இருந்தா அபராதத்தோட விடமாட்டாங்க, 2002 சட்டப்படி ஜெயில் வரைக்கும் போகும். சிலை ஆசை இருந்தா மியூசியம் கடையில் விற்கிற நகலை வாங்குங்க, ரசீதையும் பத்திரமா வெச்சுக்குங்க.

இங்கே மழை ரொம்பக் கம்மி. அதனால் குட்டித் தக்காளியில் தண்ணி இல்லாம ருசி மட்டும் திரண்டு நிக்குது. முத்திரை வாங்கின தக்காளி அது. அதில் செஞ்ச பேஸ்ட் வாங்க ஒரு மளிகைக் கடையைத் தேடி ரொம்பத் தூரம் நடந்துட்டேன். திரும்பி வந்தா கேபிள் கார் க்யூ பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது. கடைசிப் படகுக்கு நாற்பது நிமிஷம். தனியா சுத்துற ஆளுக்காகக் கப்பல் காத்திருக்காது. பாஸ்போர்ட் கேபின்ல, போன்ல சார்ஜ் மூணு பர்சன்ட். அக்கா ஒண்ணும் பேசலை, முகம் மட்டும் வெளுத்துப் போச்சு. படியில ஓட ஆரம்பிச்சோம். வழவழன்னு தேய்ஞ்ச கல்லு, வழி முழுக்கக் கழுதைச் சாணி, எதிரில் கழுதைங்க. மாமா ரெண்டு தடவை வழுக்கி விழுந்தார். கடைசிப் படகுக்கு முந்தின படகைப் பிடிச்சோம். தக்காளி பேஸ்ட் ஜாடி உடையலை, என் செருப்பு அறுந்துடுச்சு.

வரித் தள்ளுபடி பத்தியும் கேட்டு வெச்சுக்குங்க. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில் குடியிருக்கிறவங்க ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினா, ஃபாரம் வாங்கி, யூனியனை விட்டு வெளியேறுற ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல முத்திரை போட்டு, வரியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கலாம். அக்காவும் மாமாவும் ஜெர்மனிவாசிகள், அவங்களுக்குக் கிடையாது. எனக்கு உரிமை இருந்துச்சு, அம்பது யூரோ பில்தான் இல்லை!

மதுரை. ஹாஸ்டல்ல சூயிங்கம்மை மென்னுட்டு, 'என்னடா, ஊதுபத்தியைத் தின்ன மாதிரி இருக்கு'ன்னு கலாய்ச்சாங்க. ஆனா எட்டு டப்பாவும் ஒரே நாளில் காலி. கடல் பஞ்சைப் பார்த்துட்டு அம்மா கேட்ட கேள்வி, 'பாத்திரம் வெளக்கவா?'

அப்பத்தாகிட்ட மஸ்திஹா பாக்கெட்டை நீட்டி, கியோஸ், கண்ணீர், யுனெஸ்கோன்னு பில்டப் கொடுக்க ஆரம்பிச்சேன். அது பாக்கெட்டைப் பிரிச்சு, ஒரு சில்லை வாயில் போட்டு மென்னுச்சு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, 'இது ரூமி மஸ்தகில்ல? எங்கய்யா வயித்து வலிக்கு கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில வாங்கிட்டு வருவாரே...'ன்னுச்சு.

நான் பேச்சு மூச்சு இல்லாம நின்னேன். அப்புறம் தேடிப் படிச்சேன். ரூமின்னா 'ரோம் நாட்டு'ன்னு அர்த்தம். கிழக்கு ரோமப் பேரரசை அரபிக்காரங்க 'ரூம்'னு சொல்லுவாங்க. கிரீஸ் பிசின் அந்தப் பேரோட யுனானி வைத்தியர்கள் கைவழியா நம்ம ஊர் மருந்துக் கடை டப்பாவுக்குள்ள என்னிக்கோ வந்து உட்கார்ந்திருக்கு.

அப்பத்தா மிச்சத்தை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாடி வெச்சுக்கிச்சு. தெனமும் சாப்பிட்டு முடிச்சு ஒரு சில்லு. மேட் இன் சைனா கண்ணு வாசல்ல எலுமிச்சம்பழம், மிளகாய்க்குப் பக்கத்துல தொங்குது. அதையும் அப்பத்தாதான் மாட்டுச்சு.