கேட்பவரால் வளர்ந்த வலையொலி

பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியைத் தொடங்க ஒரு கைப்பேசி போதும். பத்தாவது பகுதிக்குப் பிறகும் கேட்க ஆள் இருப்பதுதான் கடினம்.

அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சனும் லியோ லபோர்ட்டும் 2005 ஆகஸ்டில் தொடங்கிய ‘செக்யூரிட்டி நவ்’, கணினிப் பாதுகாப்பைப் பற்றியது. வாரந்தோறும் வெளிவரும் இது 2024இல் ஆயிரமாவது பகுதியை எட்டியது. 999உடன் நிறுத்திவிடுவதாகத்தான் கிப்சன் சொல்லியிருந்தார். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார்.

அவருக்கு நேயர்கள் சேர்ந்த விதத்தை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். நேயர்கள் அனுப்பிய கேள்விகளே பல பகுதிகளுக்குப் பாடமாயின. இணைய வேகம் குறைந்தவர்களுக்காக 16 கிலோபிட் அளவில் சிறிய ஒலிக்கோப்பையும், ஒவ்வொரு பகுதியின் எழுத்து வடிவத்தையும் தனியே தந்தார். எழுத்து வடிவம் இருந்தால் செவித்திறன் குறைந்த மாணவரும் வாசிக்கலாம். பழைய பகுதியில் வேண்டிய சொல்லைத் தேடியும் எடுக்கலாம். பள்ளி வலையொலிக்கு முகப்பு இசை தேடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம் என்பேன்.

பணம் தனிக் கவலை. விளம்பரத்தை மட்டும் நம்ப முடியாததால், இதை வெளியிடும் டிவிட் நிறுவனம் 2021இல் மாதச் சந்தா செலுத்தும் நேயர் மன்றத்தைத் தொடங்கியது. அப்படியும் 2024இல் ஸ்டுடியோவை மூட வேண்டியதாயிற்று. லபோர்ட் வீட்டிலிருந்தே பேசத் தொடங்கினார், நிகழ்ச்சி நிற்கவில்லை.