செயற்கை விரல்களும் கைகளும்

விபத்து, நோய் அல்லது பிறவிக் குறைபாடு காரணமாக விரல்களையோ கையையோ இழந்தவர்களுக்குப் பொருத்தப்படும் உறுப்பு செயற்கைக் கை எனப்படுகிறது. இதனிடம் மூன்று தேவைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. பார்வைக்கு இயல்பான கையைப் போல இருக்க வேண்டும். வேலைக்கு உதவ வேண்டும். எளியவரும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே கையில் அமைவது இன்றும் அரிது.

விரல் இழப்பும் அதன் விளைவும்

கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து சேர்வதால்தான் பேனா பிடிப்பதும் பொத்தான் போடுவதும் முடிகிறது. கட்டைவிரலை முழுதும் இழந்தால் கையின் செயல்திறனில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் சுத்தியல், வாளி போன்றவற்றை இறுக்கிப் பிடிக்க வலுத் தருகின்றன.

பவர் பிரஸ், மரம் அறுக்கும் வாள், கரும்பு பிழியும் இயந்திரம், தீவனம் வெட்டும் கருவி, பட்டாசு ஆகியவற்றால் விரல் இழப்போர் பலர். கையால் உழைத்துப் பிழைப்பவர்களே இவ்விபத்துகளுக்கு அதிகம் ஆளாகின்றனர். ஆகவே விரலோடு வருமானமும் போகிறது.

வரலாறு

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் போர்வீரர் கோட்ஸ் ஃபான் பெர்லிசிங்கன் இரும்பாலான கையைப் பயன்படுத்தினார். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே விரல்கள் மடங்கும் கையை வடிவமைத்தார். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் திமிங்கில எலும்பாலும் கயிறுகளாலும் ஒரு கை உருவாக்கப்பட்டது. இன்றைய மலிவு விலைக் கைகளுக்கு அது ஒரு முன்மாதிரி ஆயிற்று.

உயிருள்ளது போன்ற சிலிகோன் விரல்

தோற்றத்திற்கு முதலிடம் தரும்போது சிலிகோன் விரல் பொருத்தப்படுகிறது. முதலில் எஞ்சிய விரற்பகுதியை அல்ஜினேட் கலவையில் அச்செடுப்பர். மறு கையிலுள்ள அதே விரலையும் அச்செடுத்து, அதைப் பார்த்து மெழுகில் இடவலம் மாறிய விரல் செதுக்கப்படும். கணுச் சுருக்கம், ரேகை, நகத்தின் வளைவு ஆகியவை இந்நிலையிலேயே அமைக்கப்படும். மெழுகு விரலைப் பொருத்திப் பார்த்துத் திருத்திய பின் வார்ப்பு அச்சு செய்து, மெழுகை நீக்கி, நிறமிகள் கலந்த சிலிகோனை நிரப்புவர்.

நிறம் சேர்ப்பதே கடினமான கட்டம். உள்ளங்கைப் பக்கம், புறங்கைப் பக்கம், கணு, நகத்தடி ஆகியவற்றின் நிறங்கள் வேறுபடும். எனவே பயனாளியை அருகில் அமர்த்தி, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கலப்பர். விரலின் உட்குழி எஞ்சிய பகுதியைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும்; இறுக்கத்தாலும் உறிஞ்சு அழுத்தத்தாலும் விரல் கழலாமல் நிற்கும். எஞ்சிய பகுதி மிகக் குட்டையாக இருந்தால் ஒட்டுப்பசையோ எலும்பில் பதிக்கும் திருகோ தேவைப்படும். இணைப்புக் கோட்டை ஒரு மோதிரம் மறைத்துவிடும்.

இவ்விரல் தானாக மடங்காது. எனினும் தட்டச்சு செய்யவும் தாளை அழுத்திப் பிடிக்கவும் உதவும்; கூச்சமுள்ள விரல் நுனியைக் காக்கும். கையைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்தே வைத்திருந்த ஒருவர் தயக்கமின்றிக் கைநீட்ட இது துணைசெய்கிறது. மஞ்சள், மை போன்றவற்றின் கறை படிவதாலும் ஓரம் கிழிவதாலும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகளின் செயற்கைப் பல் துறைகளிலும் இவ்விரல்கள் செய்யப்படுகின்றன. அச்செடுத்தல், மெழுகு வேலை, நிறம் சேர்த்தல் ஆகியவை அத்துறையின் அன்றாடத் திறன்கள் என்பதே இதற்குக் காரணம்.

முப்பரிமாண அச்சில் உருவாகும் கை

தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் ஃபான் ஆஸ் 2011ஆம் ஆண்டு மரவேலையின்போது விரல்களை இழந்தார். சந்தையிலிருந்த விரல்களின் விலை கட்டுபடியாகாததால், அமெரிக்காவில் பொம்மைக் கைகளை உருவாக்கிய ஐவன் ஓவனுடன் இணையவழியே சேர்ந்து பணியாற்றினார். விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கும் அவர்கள் கை செய்து கொடுத்தனர். 2013இல் ரோபோஹேண்ட் என்ற அந்த வடிவமைப்பைக் காப்புரிமை கோராமல் இணையத்தில் வெளியிட்டனர். அதே ஆண்டில் பேராசிரியர் ஜான் ஷல் தொடங்கிய இ-நேபிள் தன்னார்வக் குழு, இத்தகைய கைகளை அச்சிட்டு இலவசமாக வழங்கிவருகிறது.

இக்கைக்கு மின்கலம் தேவையில்லை. மணிக்கட்டை மடக்கும்போது முன்கைப் பட்டையில் கட்டிய நூல்கள் இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தும்போது மீள்நாடாக்கள் விரல்களைத் திறக்கும். எனவே அசையும் மணிக்கட்டும் உள்ளங்கையின் ஒரு பகுதியும் உள்ளவர்களுக்கே இது பொருந்தும். பொருட்செலவு ஏறத்தாழ 50 டாலர்தான். வளரும் குழந்தைக்கு அளவை மாற்றி மீண்டும் அச்சிடலாம். ஆனால் பிடியின் வலு குறைவு. கனமான வேலைக்கும் சூட்டுக்கும் பிளாஸ்டிக் தாங்காது.

மின்னியக்கக் கை

எஞ்சிய தசைகள் சுருங்கும்போது எழும் நுண் மின்குறிப்புகளைத் தோலின் மேல் உணர்ந்து மோட்டார்களை இயக்குவது மின்னியக்கக் கை. விரல்கள் தனித்தனியே இயங்கும் ஐ-லிம்ப் கை 2007இல் ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்றால் விற்பனைக்கு வந்தது. விலை, எடை, பழுதுபார்க்கும் செலவு ஆகியவற்றால் இவ்வகை பெரும்பாலோருக்கு எட்டாததாகவே உள்ளது.

செலவும் உதவியும்

செயற்கை விரலின் விலையில் மூலப்பொருளின் பங்கு சிறிதே. ஒவ்வொருவருக்கும் தனியாக அச்செடுத்து, நிறம் சேர்த்து, பொருத்தித் திருத்தும் உழைப்பே பெரும்பகுதி. முப்பரிமாண வருடியும் அச்சும் வடிவமைக்கும் நேரத்தைக் குறைக்கின்றன. நிறமும் பொருத்தமும் இன்னும் தேர்ந்த கைகளையே நம்பியுள்ளன. இத்தகைய வல்லுநர்கள் மாவட்டத் தலைநகரங்களில் கிடைக்கும்போதுதான் பயணச் செலவும் கூலி இழப்பும் குறையும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக் குறைபாடு வரையறையாக உள்ளது. ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டமும் இதே அளவைக் கொண்டது. ஒரு விரலை மட்டும் இழந்தவரின் குறைபாடு இவ்வளவை எட்டுவதில்லை. ஆகவே தொழிலே போனாலும் அவர் பெரும்பாலும் தம் செலவிலேயே விரல் வாங்க வேண்டியுள்ளது.

தேர்வு

பொருத்திய கையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவோர் பலர் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. எடை, வியர்வை, தொடு உணர்வின்மை ஆகியவை காரணங்கள். கடையில் வாடிக்கையாளரை எதிர்கொள்பவருக்குச் சிலிகோன் விரல் ஏற்றது. பட்டறைத் தொழிலாளிக்கு இறுகப் பிடிக்கும் எளிய கொக்கியே அதிகம் பயன்படக்கூடும். வாங்குவதற்கு முன் தமது அன்றாட வேலைகளைப் பட்டியலிட்டு மருத்துவரிடமும் உறுப்புப் பொருத்துநரிடமும் கூறுவது சரியான தேர்வுக்கு உதவும்.