காக்காயையும் எழுதுங்க கண்ணு!

குழந்தைகளே, ஒரு கேள்வி. நேற்று உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை காகங்கள் இருந்தன?

சிரிக்காதீர்கள்! 'காக்காயை எல்லாம் யார் எண்ணுவாங்க?' என்றுதானே நினைக்கிறீர்கள்? எண்ணுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணுவது மட்டுமல்ல, அதை இணையத்திலும் ஏற்றி வைக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. 1987ல் நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் வகுப்பில் 'பறவை நோட்டு' என்று ஒன்று வைத்திருந்தோம். தடிமனான, அட்டை போட்ட நோட்டு. வாரம் ஒருமுறை வேப்பமரத்தடியில் நின்று, பார்த்த பறவைகளைப் பிள்ளைகள் எழுதுவார்கள். நான்கு வருடம் எழுதினோம். நிறைய சிட்டுக்குருவி, மைனா, செம்போத்து, கொண்டலாத்தி! ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்து அலமாரியைத் திறந்தால், நோட்டு இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. கரையான்! அட்டை மட்டும் பாதி மிச்சம். அன்று நான் அழுதது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பணி ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர்ப் பள்ளியில் புதன்கிழமை தோறும் ஒரு மணி நேரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். அங்கே மறுபடியும் பறவை நோட்டைத் தொடங்கினோம். இந்த முறை கரையான் தொட முடியாத நோட்டு. 'இ-பேர்ட்' என்ற இணையதளத்தில் எழுதுகிறோம். இதை 2002ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் தொடங்கின. இன்று உலகம் முழுவதும் பறவை பார்ப்பவர்கள் இதில் எழுதுகிறார்கள். கட்டணம் கிடையாது. கணக்கு வகுப்பாசிரியர் பெயரில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயரோ, படமோ எதுவும் போடுவதில்லை. அது முக்கியம்!

வேலை இப்படி நடக்கும். நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூலை: மைதானம், கிணற்றடி, சத்துணவுக் கூடத்தின் பின்புறம், ரோட்டோரப் புளியமரம். பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். (ஏழாம் வகுப்பில் இதுதான் மிகக் கடினமான பாடம்!) ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டும். பிறகு நான்கு பட்டியலையும் கணினியில் ஏற்றுவோம். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எத்தனை பேர் என்று முதலில் கேட்கும். கடைசியாக ஒரு கேள்வி வரும். 'உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?'

முதல் புதன்கிழமை 'ஆம்' என்று அழுத்தப் போனார்கள். எட்டிப் பார்த்தேன். மீன்கொத்தி இருந்தது, கிளி இருந்தது, கரிச்சான் இருந்தது. காகம் இல்லை! மைனாவும் இல்லை!

"ஏங்கண்ணு, காக்காயை எழுதலையா?"

"அது தினமும் வருதுங்க டீச்சர். அதைப் போயி எழுதறதுங்களா?"

அங்கேதான் இருக்கிறது விஷயம். சிட்டுக்குருவி குறைகிறதா, கூடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் உள்ள எல்லாக் குருவிகளையும் வரிசையில் நிற்க வைத்து எண்ண முடியுமா? முடியாது. அதனால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் 40 முழுப் பட்டியல்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அதில் 30ல் சிட்டுக்குருவி இருந்தால், நூற்றுக்கு 75. பத்து வருடம் கழித்து, அதே ஊரில் 40 பட்டியலுக்கு 10ல் மட்டும் இருந்தால், நூற்றுக்கு 25. குருவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் 'குருவிதானே' என்று எல்லோரும் எழுதாமல் விட்டால்? குருவி இருக்கும்போதே இல்லாதது போலக் காட்டும். கணக்கே கவிழ்ந்துவிடும்.

இப்படி மக்கள் எழுதிய பட்டியல்களை வைத்துத்தான் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020லும் 2023லும் வந்தது. 2023 அறிக்கைக்கு 30,000க்கும் மேற்பட்டவர்கள் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள் உதவின. 942 பறவை இனங்களை ஆராய்ந்தார்கள். சிட்டுக்குருவி அழிந்தே போச்சு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2020 அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. மயில் நன்றாகப் பெருகியிருக்கிறது என்றும் இந்த அறிக்கைகள் சொல்கின்றன. இது நம் கோவைப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! 'வெதைச்சதைப் பூராத் தின்னு போடுதுங்க' என்று எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா தினமும் புலம்புகிறார்.

பனங்காடை பற்றியும் ஒரு செய்தி உண்டு. கரண்டுக் கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்குமே, பறக்கும்போது இறக்கை நீலமாகப் பளீரென்று விரியுமே, அந்தப் பறவைதான். அது குறைந்து வருகிறது என்கிறது 2023 அறிக்கை.

இந்தப் பனங்காடையால் எங்கள் வகுப்பில் ஒரு சங்கதி நடந்தது.

ஒரு புதன்கிழமை கிணற்றடிக் குழுவுக்கு 12 இனங்கள். புளியமரக் குழுவுக்கு 11. போட்டி என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? கடைசி நிமிடத்தில் புளியமரக் குழுவின் தாளில் 'பனங்காடை 1' என்று சேர்ந்தது. இரண்டு குழுவும் சமம்! ஒரே கைதட்டல். நானும் சந்தோஷமாகக் கணினியில் ஏற்றச் சொன்னேன்.

அந்த இணையதளத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நம் பகுதிக்கு வராத பறவையை எழுதினாலோ, நம்ப முடியாத அளவுக்கு எண்ணிக்கை போட்டாலோ, பறவைகளை நன்கு அறிந்த ஒருவர் சரிபார்ப்பார். 'எப்படி அடையாளம் கண்டீர்கள்? படம் இருக்கிறதா?' என்று கேட்டு எழுதுவார். ஆனால் எங்கள் ஊரில் பனங்காடை வரக்கூடிய பறவைதான். ஒன்றே ஒன்று. யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. வீட்டு வாசலில் ஒரு பையன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"டீச்சர்... அந்தப் பனங்காடை நான் பார்க்கலீங்க."

"சரி கண்ணு."

"நீங்கதான சொன்னீங்க, அது கொறையுதுன்னு. நான் எழுதுனதுனால, கொறையலைன்னு கணக்கு வந்துருமாங்க?"

என்னிடம் உடனே பதில் இல்லை. 3 கோடியில் ஒன்று என்ன செய்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தை இ-பேர்டில் எழுதுவது நாங்கள் மட்டும்தான். இன்னும் இருபது வருடம் கழித்து ஒருவர் இந்தப் பள்ளியில் பனங்காடை இருந்ததா என்று தேடினால், இந்தப் பையன் எழுதியதைத்தான் நம்பப் போகிறார். அதைத்தான் அவனிடம் சொன்னேன். அடுத்த புதன்கிழமை, பட்டியலைத் திறந்து அவனே நீக்கினான். 11. வகுப்பில் சில பேர் சிரித்தார்கள். கிணற்றடிக் குழுவின் தலைவி மட்டும் மெதுவாக எழுந்து, "எங்க செம்போத்தும் சத்தம் மட்டுந்தானுங்க கேட்டோம், பார்க்கலீங்க. அதையும் எடுத்துடலாமுங்களா?" என்றாள்.

எடுக்க வேண்டியதில்லை! குரலைக் கேட்டு உறுதியாகத் தெரிந்தால் எழுதலாம். செம்போத்தின் 'ஊப்... ஊப்...' என்ற குரலை யாரால் மறக்க முடியும்?

திருப்பூர் அருகே நஞ்சராயன் குளம் இருக்கிறதல்லவா? 2024 ஆகஸ்டில் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே 191 பறவை இனங்கள் இருப்பதாக அறிவிப்பில் சொன்னார்கள். ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு அந்தப் பெருமை 2022லேயே கிடைத்துவிட்டது. 191 என்று சும்மா ஒருவரால் சொல்லிவிட முடியுமா? விடியற்காலையில் கரையில் போய் நின்று, ஒவ்வொன்றாகக் குறித்தவர்கள் இருந்ததால்தான் அந்த எண் கிடைத்தது.

பறவை பறந்துவிடுகிறது, பிடிபடவில்லை என்கிறீர்களா? மரம் ஓடாது! 'சீசன் வாட்ச்' என்ற திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், பூ, காய், பழம் 'இல்லை, கொஞ்சம், நிறைய' என்று பதியலாம். கேரளத்தில் ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். பூவே இல்லாத வாரமும் எழுதத்தான் வேண்டும்.

தொடங்க ஆசையா? தொலைநோக்கி வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், மணி பார்க்க ஒரு கடிகாரம். இணையத்தில் ஏற்றும் வேலைக்கு ஆசிரியரையோ, அப்பா அம்மாவையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம். படம் வரைந்து வைத்து, பிறகு கேளுங்கள். கிளிக்கூட்டம் சட்டென்று பறந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, மொத்தக் கூட்டத்தையும் பத்துப் பத்தாக அளந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்துப் பட்டியல் அனுப்பலாம். போன வாரம் இதைச் சொன்னபோது, பின் பெஞ்சில் இருந்து ஒரு கை உயர்ந்தது. சைக்கிள் பையன்தான்.

"டீச்சர், பொங்கலுக்கு நான் காங்கயத்துல அம்மிச்சி ஊட்டுல இருப்பேனுங்க. அங்க எண்ணுனாக் கணக்குல சேருமுங்களா?"

"தாராளமா சேரும் கண்ணு."

"அங்க வெறும் காக்காயாத்தான் இருக்குமுங்க."

"எத்தனைன்னு எண்ணிட்டு வா!"