தொடாமல் செய்யும் தொண்டு

யானையைப் போற்றிய நாடுகளை எண்ணுமிடத்துத் தாய்லாந்தை முன்வரிசையில் வைத்தல் தகும். சீயம் என வழங்கிய காலத்தில் அந்நாட்டுக் கொடியிலே வெள்ளை யானை விளங்கிற்று. 1917 ஆம் ஆண்டிலேதான் இன்றுள்ள மூவண்ணக் கொடி வந்தது. அரசர் வெள்ளை யானையைப் பெறுதல் நாட்டுக்கு நற்குறி என்பது அம்மக்களின் நெடுங்கால நம்பிக்கை. மார்ச்சு 13 ஆந் திகதி யானை நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. இத்துணைச் சிறப்புப் பெற்ற விலங்கு அந்நாட்டுச் சட்டத்திலே பெற்ற இடம் யாது? 1939 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், வளர்ப்பு யானையை எருது, எருமை, குதிரை ஆகிய பாரவிலங்குகளோடு ஒருங்கு வைத்து எண்ணிற்று. காட்டிலே திரியும் யானைக்கு ஒரு சட்டம். கட்டுண்டு நிற்கும் யானைக்கு வேறொரு சட்டம். கொடியிலே தெய்வமாகவும் கொட்டிலிலே மாடாகவும் யானையைக் கண்ட இம்முரண்பாட்டினின்றே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் தோன்றுகின்றது.

அப்பொருள், மீட்கப்பட்ட யானைகளுக்கெனத் தாய்லாந்திலே அமைந்த புகலிடங்களையும், பிற நாடுகளிலிருந்து அங்குச் சென்று தொண்டு புரிவோரையும் பற்றியது. ஐரோப்பியரும் அமெரிக்கருமே பெரிதும் சென்ற அவ்விடங்களுக்கு நம் இளைஞர் சிலரும் இப்போது செல்கின்றனர். செல்ல விழைவோர் ஆசிரியரிடம் வந்து உசாவுகின்றனர். ஆதலின் அத்தொண்டின் இயல்பை ஆராய்ந்து அறிதல் நம் கடனாகின்றது.

தொழில் இழந்த யானைகள்

தாய்லாந்தின் வடபாகம் தேக்கங் காடுகளாற் பெயர் பெற்றது. வெட்டிய மரத்தை மலைச்சரிவினின்று இழுத்து ஆற்றங்கரையிற் சேர்த்தவை யானைகளே. பொறிகள் ஏறமாட்டாத இடத்தில் யானை ஏறிற்று. யானையும் பாகனும் பாகன் குடும்பமும் அத்தொழிலாலேயே உண்டு வாழ்ந்தனர்.

1988 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்நாட்டின் தென்பாகத்திலே பெருமழை பொழிந்தது. காடழிந்த மலைகள் அம்மழையைத் தாங்கமாட்டாது சரிந்தன. சேறும், வெட்டிக் கிடந்த மரங்களும் ஒருங்கே உருண்டு வந்து ஊர்களை மூடின. பல நூற்றுவர் மாண்டனர். நாடெங்கும் எழுந்த துயரக் குரலைச் செவிமடுத்த அரசு, 1989 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இயற்கைக் காடுகளில் வாணிகத்தின் பொருட்டு மரம் வெட்டுதலைத் தடைசெய்தது.

காட்டைக் காக்க வந்த அச்சட்டமே வளர்ப்பு யானையைத் தெருவில் நிறுத்திற்று. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் உணவு வேண்டும். வேலை போன பின்னரும் வயிறு போகாதன்றோ? பாகர் சிலர் தம் யானையைப் பாங்கொக் நகரத் தெருக்களிற் கொண்டு சென்று, வழிப்போக்கருக்கு வாழைப்பழமும் கரும்பும் விற்று, அவற்றை யானைக்கு ஊட்டச் செய்து பிழைத்தனர். சிலர் எல்லைப்புறங்களிலே களவாக மரம் இழுப்பித்தனர். மிகப் பலர் உல்லாசப் பிரயாணிகளை நாடினர். முதுகில் இருக்கை கட்டி மனிதரைச் சுமத்தலும், பந்துதைத்தலும், துதிக்கையில் தூரிகை பற்றிப் படம் வரைதலும் யானையின் புதுத் தொழில்களாயின.

விலங்குகளின் நலம் பேணும் உலக அமைப்பொன்று, ஆசிய நாடுகள் சிலவற்றிலே பிரயாணிகளின் பொழுதுபோக்குக்கென வைத்திருந்த ஏறத்தாழ 3,000 யானைகளின் நிலையை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை கொடிய நிலையில் வாழ்ந்தன என்றும், மிகப் பெரும்பாலானவை தாய்லாந்திலேயே இருந்தன என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

ஒரு புகலிடத்தின் வரலாறு

இந்நிலை கண்டு இரங்கியோருள் சேங்துவன் சாய்லர்ட் என்னும் பெண்மணி தலைசிறந்தவர். சிறியவர் எனப் பொருள்படும் லெக் என்ற பெயராலேயே அவரை யாவரும் அழைப்பர். அவர் வடதாய்லாந்தின் மலைவாழ் மக்களுள் ஒரு குடியிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் நாட்டு வைத்தியர். உயிர் காத்தமைக்குக் கைம்மாறாகப் பாட்டனாருக்கு ஒருவர் ஒரு யானையை அளித்தாராம். அதனோடு பழகி வளர்ந்தவர் லெக். 1990களிலே சிலவற்றோடு தொடங்கிய அவருடைய முயற்சி, இன்று சியாங்மாய் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில், மே தெங் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, நூற்றுக்கு மேற்பட்ட யானைகளைப் புரக்கும் பெரும் புகலிடமாக வளர்ந்துள்ளது.

அங்கு வந்த யானைகளுள் சோக்கியா என்பதன் வரலாறு கல்லையும் உருக்கும். மரம் இழுக்கும் வேலையிலிருந்தபோதே அது சூலுற்றது. வேலை நடுவிலே கன்று பிறந்து இறந்தது. துயருற்ற பிடி பின்னர் வேலை செய்ய மறுத்தது. மறுத்தமைக்குத் தண்டனையாக அதன் கண்ணைக் கெடுத்தனர். ஈற்றில் இரு கண்ணும் இழந்து நின்ற நிலையிலே 1999 ஆம் ஆண்டில் அது மீட்கப்பட்டது. புகலிடத்தில் முன்னரே இருந்த மே பேம் என்னும் முதிய பிடி, குருட்டு யானையை அணுகித் துதிக்கையால் தடவி, அன்று முதல் தான் இறக்குந்துணையும் அதற்கு வழிகாட்டியாக உடன் திரிந்தது. கண்ணிழந்த யானைக்கு முதலிற் கண்ணாக வந்தது யானையே; மனிதரல்லர். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கவளம் உருட்டும் கை

எம் பழைய மாணவி ஒருவர் வடதாய்லாந்திலுள்ள இத்தகைய புகலிடமொன்றில் ஏழு நாள் தொண்டு செய்து மீண்டார். அவர் கூறியவை கேட்கத்தக்கன.

வைகறையில் எழுந்து லொறியில் ஏறி வயலுக்குச் சென்று, அரிவாளாற் சோளத்தட்டையும் புல்லும் வெட்டிக் கட்டுக்கட்டாக ஏற்றுதல் ஒரு நாள் வேலை. வத்தகப்பழமும் பூசணிக்காயும் வந்திறங்கும்போது வரிசையாக நின்று கைமாற்றி இறக்கிக் கழுவி அடுக்குதல் மற்றொரு நாள் வேலை. யானை உண்பதிற் பாதிக்கும் குறைவே அதன் உடலிற் சேரும், எஞ்சியது இலத்தியாகும். நூறு யானையின் இலத்தியை மண்வெட்டியால் அள்ளுதல் எத்தகைய வேலை என்பதை வாசகர் உய்த்துணர்வாராக.

இவற்றுள் எம் நெஞ்சைக் கவர்ந்த வேலை ஒன்று உண்டு. யானைக்குக் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு முறை முளைக்கும். ஆறாவது தொகுதியும் தேய்ந்தபின் வேறு பல் இல்லை. முன்னே உணவு குவிந்திருந்தும் மெல்லமாட்டாது மெலிந்து இறப்பது முதிய யானையின் விதி. அப்பல்லிலா யானைகளுக்காக வாழைப்பழத்தையும் வேகவைத்த சோற்றையும் புளியையும் சேர்த்துப் பிசைந்து, திரள்திரளாக உருட்டித் தட்டில் அடுக்குவராம். இது நம் தமிழ் நன்கறிந்த பொருள்; இதன் பெயர் கவளம். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு இறை கொள்ளும் முறைமையை எடுத்துரைத்தபோது, யானைக்கிடும் கவளத்தையே உவமையாகக் கொண்டார் என்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். ஏட்டிலே கற்ற சொல்லைத் தம் கையால் உருட்டிய பேறு எம் மாணவிக்கு வாய்த்தது.

ஆயினும் அவருக்கு ஒரு குறை இருந்தது. “ஐயா, ஏழு நாளும் வேலை செய்தேன், யானையை ஒருமுறைதானும் தொட விடவில்லை” என்றார். இக்குறையே இப்பொருளின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

தொடலாகாமை ஏன்?

முன்னர்ப் புகலிடங்கள் பலவற்றிலே தொண்டர் யானையோடு ஆற்றில் இறங்கி அதனைக் குளிப்பாட்டுவர். மே தெங் புகலிடமும் அவ்வழக்கத்தை உடையதாயிருந்து பின்னர்க் கைவிட்டது. காரணம் வெளிப்படை. யானை தானே நீரில் இறங்கும். தானே சேறு பூசிக்கொள்ளும். நாள்தோறும் குறித்த நேரத்தில் முன்பின் அறியாத இருபதின்மர் சூழ்ந்து தேய்க்க அசையாது நிற்றல் அதன் இயல்பன்று. அவ்வாறு நிற்கப் பழகிய யானை, நிற்கும்படி பழக்கப்பட்ட யானையாகும்.

அப்பழக்கம் எவ்வாறு உண்டாகின்றது? பஜான் என்று வழங்கும் பழைய முறையிலே, கன்றைத் தாயினின்று பிரித்து, திரும்பவும் இடமில்லாத மரச்சட்டத்துள் அடைத்து, காலைக் கட்டி, உணவும் உறக்கமும் மறுத்து, அடித்தும் குத்தியும் பல நாள் வருத்துவர். அதன் உள்ளம் முறிந்து மனிதன் ஏவலுக்கு அடங்கும்வரை விடார். முதுகில் ஏறியிருப்பவர் இதனைக் காண்பதில்லை. அருகே நின்று படம் எடுத்துக்கொள்பவரும் காண்பதில்லை. பாகர் யாவரும் கொடியர் என்று இதனாற் கொள்ளற்க. தம் யானையை உடன்பிறப்பாகப் போற்றும் பாகரும் உளர்; வறுமை அவர்களையும் யானையையும் ஒரே கயிற்றாற் கட்டியிருக்கின்றது. ஆனால், அந்நியன் ஒருவன் பணம் கொடுத்துத் தொட விரும்பும் யானைக்கு விலை ஏறும்வரை, கன்றை முறிக்கும் சட்டத்துக்கும் வேலை இருக்கும் என்பது மறுக்கலாகாத உண்மை.

ஆதலின் புகலிடம் என்னும் பெயரை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. பெயர்ப்பலகையை மாற்றி எழுதுதல் எளிது. முதுகில் ஏற்றுகின்றார்களா? ஆடல் பாடல் காட்சி உண்டா? வருவோர் கையாற் குளிப்பாட்டும்படி யானையை நிறுத்துகின்றார்களா? விரும்பாதபோது யானை விலகிப்போக இடம் உண்டா? மக்களைக் கவர்வதற்கென்றே கன்றுகளை ஈனச் செய்கின்றார்களா? இவ்வினாக்களைக் கேட்டு விடை பெற்ற பின்னரே பிரயாணச் சீட்டுப் பெறுதல் வேண்டும்.

எதிர்வாதங்கள்

“தொண்டு செய்வதற்குப் பணமும் கொடுப்பதா?” என வினவுவோர் உளர். ஒரு வாரம் புல் வெட்டத் தெரியாத கையினால் புகலிடத்துக்கு விளையும் பயன் சிறிது. அவ்வூரார் அதனைச் செவ்வனே செய்வர். தொண்டர் செலுத்தும் கட்டணமே யானையின் உணவும் மருந்தும் ஆகின்றது. இதனை ஒளியாது ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

பிரயாணிகளின் பணத்திலே நிற்பது உறுதியற்ற நிலை என்பதும் உண்மையே. 2020 ஆம் ஆண்டிலே கொவிட் நோய் பரவி விமானங்கள் நின்றபோது, சியாங்மாய்ப் பகுதியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட யானைகள், உணவு தேடி, கரேன் மக்களின் மலையூர்களை நோக்கி 150 கிலோமீற்றர் வரை நடந்தன. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மே தெங் ஆறு பெருகிப் புகலிடத்தையே மூழ்கடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை மேட்டுக்கு ஏற்றியும் இரண்டு வெள்ளத்தில் மாண்டன. புகலிடமும் புயலுக்கு அப்பாற்பட்டதன்று.

எனின் தொண்டரால் ஆவது என்னை? காண்போர் விரும்புவதே காட்சியாகின்றது. ஏறவும் தொடவும் விரும்பிப் பணம் கொடுத்தோர் யானையின் வாழ்வை ஒரு வழியில் வகுத்தனர். தூர நின்று பார்க்கவும், பாராதபோதும் உழைக்கவும் உடன்பட்டுப் பணம் கொடுப்போர் அதனை வேறு வழியில் வகுக்கின்றனர். பல நாட்டார் அவ்வாறு உடன்பட்டமையாலேதான் சில முகாம்களேனும் தம் இருக்கைகளைக் கழற்றி வைத்தன.

நமக்கும் உள்ள தொடர்பு

தாய்லாந்தின் லம்பாங் என்னும் இடத்திலே 1993 ஆம் ஆண்டில் யானைகளுக்கென வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. பர்மிய எல்லைப்புறத்தில் மிதிவெடியாற் காலிழந்த யானைகளுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. 2006 ஆம் ஆண்டில் காலிழந்தபோது மோசா என்னும் கன்றுக்கு வயது ஏழு மாதம். மனிதருக்குச் செயற்கைக் கால் செய்துவந்த வைத்தியர் ஒருவர் அதற்கும் செய்து பொருத்தினார். மிதிவெடி என்னும் சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

முத்துராசா என்று நம் நாட்டில் அழைக்கப்பட்ட சக் சுரின் என்னும் களிற்றையும் மறத்தற்கில்லை. தாய்லாந்து அரசு 2001 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்பிய அக்களிறு, முன்கால் மடங்காது நோயுற்று, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் சில மாதம் சிகிச்சை பெற்று, 2023 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி விமானமேறித் தாயகம் சென்றது. அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறும் நிலை ஒரு நாட்டுக்கு வந்தது எனின், யானையைப் பேணும் வகையில் நாம் கற்க வேண்டியது உண்டு என்பதே பொருள்.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 1995 ஆம் ஆண்டில் உடவளவையில் அமைந்த யானைக் கன்றுகளின் இடைத்தங்கல் நிலையத்திலே, தாயிழந்த கன்றுகளுக்குப் பாலூட்டுவதைத் தூரத்து மேடையினின்றே மக்கள் காணலாம், தொடலாகாது. மனிதர் கையை மறந்தால்தான் அக்கன்று மீண்டும் காட்டை அடையும். அவ்வாறு காடு சேர்ந்த கன்றுகள் நூற்றுக்கு மேற்பட்டவை.

எம்மை உசாவும் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே: செல்க, செல்லுமுன் ஆராய்க, சென்ற இடத்திலே இட்ட வேலையைச் செய்க. எம் மாணவிக்கும், குறை சொல்லி முடித்த பின்னர் நினைவில் நின்றது ஒரு காட்சிதான். அவர் உருட்டி அடுக்கிய கவளத்தைப் பாகன் கொண்டுபோய் வைக்க, பல்லிலாத முதிய பிடி ஒன்று வந்து, ஒவ்வொன்றாக எடுத்து உண்டு, அவரைத் திரும்பியும் பாராமல் மரநிழலுக்குச் சென்றதாம். பாராமற் செல்லும் உரிமையை அவ்விலங்கு அறுபது ஆண்டு கழித்தே பெற்றது. அவ்வுரிமைக்காக ஒரு வாரம் உழைத்தல் தகும்.